ஷெரிஃபா, நகரப் போலீஸா? லாஸ் ஏஞ்சலிஸ் கணக்கு

லாஸ் ஏஞ்சலிஸில் கருநீல உடுப்பில் வந்தால் நகரப் போலீஸ். பழுப்புச் சட்டை, பச்சைக் கால்சட்டை, நெஞ்சில் ஆறுமுனை நட்சத்திரம் என்றால் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) காவல் தலைவரான ஷெரிஃபின் ஆள், டெபுட்டி என்பார்கள். இருவர் இடுப்பிலும் துப்பாக்கி, இருவருக்கும் கைது செய்யும் அதிகாரம். ஆனால் வேலை வேறு, மேலே உட்கார்ந்திருப்பவரும் வேறு.

நகரப் போலீஸ் பார்ப்பது ரோந்து, புலன்விசாரணை, போக்குவரத்து. இதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஷெரிஃப் அலுவலகத்துக்குத்தான் பல முகம். கவுண்டியில் 88 நகரங்கள்; அவற்றில் எதிலும் சேராத பகுதிகளுக்கு ஷெரிஃப்தான் போலீஸ். நீதிமன்றக் காவலும் கவுண்டிச் சிறைகளும் அவர் பொறுப்பு. நகரப் போலீஸ் பிடித்தவரும், விடுதலை கிடைக்காவிட்டால், கடைசியில் அங்கேதான் போய்ச் சேருவார்.

வாடகை வழக்கையே பாருங்கள். வீட்டுக்காரர் ஜெயித்தாலும் தானே போய்ப் பூட்டை மாற்ற முடியாது. நீதிமன்ற உத்தரவை ஷெரிஃபிடம் கொடுக்க வேண்டும். டெபுட்டி வந்து கதவில் நோட்டீஸ் ஒட்டுவார், 5 நாள் கெடு. அதற்குள் காலி செய்யாவிட்டால் மறுபடி வந்து, குடியிருப்பவரை வெளியேற்றி வீட்டை ஒப்படைப்பார். நகரப் போலீஸுக்கு இதில் வேலையே இல்லை.

சொந்தமாகப் போலீஸ் வைக்க முடியாத, அல்லது விரும்பாத நகரங்கள் ஷெரிஃபுக்குப் பணம் கட்டிக் காவலை வாங்கிக்கொள்கின்றன. காம்ப்டன் நகரம் 2000-இல் தன் போலீஸையே கலைத்துவிட்டு இப்படி மாறியது. லாங் பீச், பாசடேனா போன்றவை சொந்தப் போலீஸையே வைத்திருக்கின்றன. சின்ன ஊருக்கு ஒப்பந்தம் லாபம்தான்: கொலை வழக்கு விசாரணையும் ஹெலிகாப்டரும் தனியாக வைத்துக் கட்டுப்படியாகுமா? ஆனால் ஷெரிஃபைப் பிடிக்கவில்லை என்று அந்த ஊர் மேயரால் அவரை மாற்ற முடியாது.

ஏனென்றால் ஷெரிஃப், 4 ஆண்டுக்கு ஒருமுறை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர். லாஸ் ஏஞ்சலிஸ் நகரப் போலீஸ் தலைவரை நியமிப்பது மேயர். 5 ஆண்டுப் பதவி, அதிகபட்சம் இருமுறை. ஓட்டு என்றதும் மக்களாட்சி என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சிறைக்குள் அடிபடுபவரின் குறை பிரசார மேடைவரை வருவதில்லை. லீ பாக்கா ஷெரிஃப் தேர்தலில் 1998 முதல் மறுபடி மறுபடி ஜெயித்தார். சிறைகளில் நடந்த வன்முறையை எஃப்.பி.ஐ. விசாரித்தபோது அதைத் தடுத்தார் என்று 2017-இல் 3 ஆண்டு தண்டனை பெற்றார். அதற்குள் 2014-லேயே தானாக விலகியிருந்தார். கவுண்டியை நிர்வகிக்கும் மேற்பார்வையாளர்கள் ஐவரில் நால்வர் சேர்ந்தால், தக்க காரணம் காட்டி ஷெரிஃபை நீக்கலாம் என்ற விதி 2022-இல்தான் வந்தது, அதுவும் மக்கள் ஓட்டில்.

ஜிம் மெக்டானல் இரண்டு நாற்காலியையும் பார்த்தவர். 2014-இல் ஷெரிஃபாக ஜெயித்து, 2018-இல் ஓட்டில் தோற்றார். 2024-இல் மேயர் கேரன் பாஸ் அவரையே நகரப் போலீஸ் தலைவராக்கினார். இந்த முறை அவர் யாரிடமும் ஓட்டுக் கேட்க வேண்டியிருக்கவில்லை.