விண்கல் இரும்பு வீரருக்கு எந்த உலகம் பொருந்தும்? நான்கு டி அண்ட் டி களங்கள், ஓர் ஒப்பீடு

டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை ஆடும் விளையாட்டு. வானத்திலிருந்து விழுந்த இரும்பைத் தானே அடித்து ஆயுதமாக்கி, அதையே தன் பலமாக வைத்திருக்கும் ஒரு கேரக்டர் கிளாஸ், அதாவது ஒரு பாத்திர வகை. எங்கள் மேசையில் ஒருவர் இதை ஆடவேண்டும் என்று கேட்டதிலிருந்து எனக்கு இதே யோசனைதான். விதிகளை எழுதிவிடலாம். இந்த விளையாட்டுக்கென்று உருவாக்கப்பட்ட கற்பனை உலகங்களில், அதாவது களங்களில், எதில் இறக்குவது என்பதில்தான் சிக்கல்.

நான்கு களங்களையும் எடைபோட எனக்குக் கைகொடுத்தது ஜஹாங்கீர் தன் நினைவுக் குறிப்பில் எழுதிவைத்த ஒரு சம்பவம். 1621-ல் ஜலந்தர் பக்கம் ஒரு கிராமத்தில் விண்கல் விழுந்தது. தோண்டி எடுத்து அவரிடம் கொண்டுவந்தார்கள். உஸ்தாத் தாவூத் என்ற கொல்லரிடம் அதைக் கொடுத்து ஆயுதம் செய்யச் சொன்னார். சம்மட்டி பட்டதும் அது உடைந்துபோனது. அப்புறம் மூன்று பங்கு விண்ணிரும்போடு ஒரு பங்கு சாதாரண இரும்பைக் கலந்துதான் இரண்டு வாள்கள், ஒரு கத்தி, ஒரு குத்துவாள் செய்தார்கள். வானத்து இரும்புக்கும் மண்ணின் துணை தேவைப்பட்டிருக்கிறது. அந்த நாலாவது பங்கு ஒவ்வொரு உலகத்திலும் என்ன விலைக்குக் கிடைக்கும்? இந்தக் கேள்வியை வைத்துத்தான் பார்த்தேன்.

முதல் களமான ஃபர்காட்டன் ரெல்ம்ஸில் சுலபமாக இறக்கிவிடலாம், ஆனால் பயனில்லை. டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பின் விதிகளிலேயே விண்கற்களில் கிடைக்கும் மிகக் கடினமான உலோகமாக அடமன்டைன் இருக்கிறது. கூடுதலாக 500 பொற்காசு கொடுத்தால் அதில் செய்த வாள் கைக்கு வந்துவிடும். காசு கொடுத்து வாங்கக்கூடிய ஒன்றுக்காக ஒருவர் ஏன் ஒரு கிளாஸையே எடுக்கவேண்டும்?

எபரானில் (2004-ல் வெளிவந்த களம்) நிலைமை கொஞ்சம் மேல். அங்கே வானத்தில் சைபெரிஸ் வளையம் கண்ணுக்குத் தெரிகிறது. அதிலிருந்து பொன்னிறப் படிகங்கள் விழுகின்றன, ஜென்ட்ரிக் கண்டத்தில்தான் அதிகம். வானத்திலிருந்து விழுவதைத் தேடிப்போகும் ஆட்கள் அங்கே ஏற்கெனவே உண்டு. ஆனால் மந்திரத்தையே தொழிலாக்கிவிட்ட உலகம் அது. நம் வீரர் ஒரு கட்டி இரும்போடு வந்தால், மந்திரப் பொருள் செய்யும் காணித் குடும்பம் விலை பேசி வாங்கி, பட்டறையில் வைத்து, அடுத்த மாதமே நூறு பேருக்கு அதைச் செய்து கொடுக்கும். நாலாவது பங்கு இரும்பும் கடையிலேயே கிடைக்கும். போதாததற்கு மந்திரப் பொருள் செய்யும் ஆர்ட்டிஃபிசர் என்ற கிளாஸ் அதே இடத்தில் பிறந்து வளர்ந்திருக்கிறது. நம் வீரர் அதன் நிழலில்தான் நிற்பார்.

கிரின் கதையே வேறு. டிராகன்லான்ஸ் (1984) நடக்கும் அந்த உலகத்தில், வானத்திலிருந்து விழுந்தது என்றாலே இஸ்தார் நகரத்தை அழித்த நெருப்பு மலைதான் எல்லோர் நினைவிலும் வரும். தெய்வங்களின் கோபம் அது. அதே பொருளை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒருவர் ஊருக்குள் வந்தால் கிழவிகள் கதவைச் சாத்துவார்கள், பூசாரிகள் கேள்வி கேட்பார்கள். இன்னொன்றும் உண்டு. அந்தப் பேரழிவுக்குப் பிறகு அங்கே தங்கம் மதிப்பிழந்து, எஃகுதான் காசாகிவிட்டது. ஆக, நாலாவது பங்குக்குக் கொல்லர் உருக்கவேண்டியது கையிலிருக்கும் பணத்தை. சாப்பாட்டுக்கா, வாளுக்கா என்று ஆட்டக்காரர் ஒவ்வொரு முறையும் முடிவெடுக்க வேண்டும். இந்த இடத்தில் நான் கிட்டத்தட்ட கிரினையே தேர்ந்தெடுத்துவிட்டேன். ஆனால் காசு சேரச்சேர அந்தக் கஷ்டம் காணாமல் போய்விடும். ஆட ஆடப் பாத்திரம் ஏறும் படிதான் லெவல்; பத்தாவது லெவலில் யாருக்கும் பசி இல்லை.

அடுத்தது டார்க் சன் (1991), அதன் உலகத்தின் பெயர் ஆத்தாஸ். வறண்ட, உலோகமே அரிதான உலகம். எலும்பு, கல், அப்சிடியன் (எரிமலைக் கண்ணாடி) ஆயுதங்கள். காசு பீங்கானில். பழைய விதிப்படி உலோகப் பொருளுக்கு மட்டும்தான் முழு விலை, மற்றதெல்லாம் நூற்றில் ஒரு பங்கு. அந்த வட்டாரத்தில் இரும்புச் சுரங்கம் என்றால் டைர் நகரத்தில்தான். முதலில் நான் இதை ஒதுக்கினேன். முதல் லெவலிலேயே ஒருவர் கையில் முழு இரும்பு வாள் இருந்தால் அந்த உலகமே பொய்யாகிவிடும். கலப்பதற்கு நாலாவது பங்கும் அங்கே கிடைக்காது.

என் மனதை மாற்றியவர்கள் வடமேற்கு கிரீன்லாந்தின் இன்யூட் மக்கள். கேப் யார்க் விண்கல்லிலிருந்து அவர்கள் உலையோ கலப்போ இல்லாமலேயே இரும்பு எடுத்தார்கள். கடினமான பாசால்ட் கற்களால் தட்டித்தட்டிச் சின்னச் சில்லுகளைப் பெயர்த்தார்கள், குளிர்ந்த நிலையிலேயே அடித்துத் தட்டையாக்கினார்கள். எலும்பிலோ தந்தத்திலோ ஒரு பள்ளம் செதுக்கி, சில்லுகளை வரிசையாகப் பதித்தால் கத்தி தயார். நாலாவது பங்கு என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. எலும்பும் கல்லும்தான் துணை, அது இரண்டும் ஆத்தாஸில் கொட்டிக் கிடக்கிறது.

இதை கிளாஸாக மாற்றும்போது எல்லாம் தானாகவே பொருந்தி வருகிறது. முதல் லெவலில் ஒரே ஒரு சில்லு, எலும்புக் கத்தியின் நுனியில். லெவல் ஏற ஏற வரிசை நீளும். ஆத்தாஸில் எலும்பு ஆயுதம் சண்டையில் உடையும், விதியே அப்படி. மற்றவர்களுக்கு அது நஷ்டம். நம் வீரர் மணலில் மண்டியிட்டுச் சில்லுகளைப் பொறுக்கி, செத்த மிருகத்தின் தொடை எலும்பில் மறுபடி பதித்துக்கொள்வார். ஒரு சில்லு தொலைந்தால்தான் அவருக்கு வலிக்கும். நகரத்தை ஆளும் ராஜாவின் அதிகாரிகளான டெம்ப்ளர்கள் பறிக்கப் பார்ப்பார்கள், எல்ஃப் வியாபாரிகள் விலை கேட்பார்கள். இருபதாவது லெவலிலும் அந்தப் பயம் தீராது, ஏனென்றால் எவ்வளவு பீங்கான் காசு சேர்ந்தாலும் வானம் எப்போது அடுத்த கல்லைப் போடும் என்று யாருக்கும் தெரியாது.

அதனால் எங்கள் ஆட்டம் ஆத்தாஸில்தான். உங்கள் மேசையில் தெய்வமும் பாவமும் பேசப்பிடித்தவர்கள் இருந்தால் கிரினை எடுங்கள், தயங்கவேண்டாம். நான் முதல் அமர்வுக்குக் கட்டைவிரல் நகம் அளவு ஒரு தகரத் துண்டை வெட்டி வைத்திருக்கிறேன். ஆட்டக்காரர் அதைத் தன் கேரக்டர் ஷீட்டின் மேல் வைத்துக்கொள்வார். கதையில் சில்லு பறிபோனால் மேசையிலிருந்தும் எடுத்துவிடுவேன்.