எக்சர்சிசம் தளத்தில் பைத்தான் பழகிய அனுபவம்

நிரலாக்கம் கற்க எந்தத் தளம் நல்லது என்று கேட்பவர்களிடம், சில ஆண்டுகளாக நான் தொடர்ந்து பயன்படுத்திவரும் எக்சர்சிசத்தையே சொல்லிவருகிறேன். கத்ரீனா ஓவன் 2013-இல் தொடங்கிய இத்தளம் இலாப நோக்கமின்றி இயங்குகிறது. பைத்தான், ரூபி, ரஸ்ட் என 70-க்கும் மேற்பட்ட மொழிகளுக்கு இங்கே பயிற்சிகள் உண்டு. பயிற்சிக்கும் சரி, நம் நிரலைப் படித்துக் கருத்துச் சொல்லும் வழிகாட்டிகளின் உதவிக்கும் சரி, கட்டணம் இல்லை.

ஒவ்வொரு பயிற்சியிலும் ஒரு சிறிய கணக்கும், நம் விடையைச் சரிபார்க்கும் சோதனைக் கோப்பும் தரப்படுகின்றன. உலாவியிலேயே எழுதிவிடலாம் என்றாலும், கோப்புகளை என் கணினியில் இறக்கிக்கொண்டு, பைத்தான் நிரல்களைச் சோதிக்கும் கருவியான பைடெஸ்ட்டை டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்தில்) ஓட்டி, எந்தச் சோதனை ஏன் தோற்றது என்று வரிவரியாகப் படிப்பதையே நான் விரும்புகிறேன். பிழைச்செய்தியைப் பதறாமல் படிக்கும் பழக்கம், காணொளிகளை எத்தனை முறை பார்த்தாலும் வராதது, எனக்கு இப்படித்தான் வந்தது.

ஆனால் இத்தளத்தின் உண்மையான மதிப்பு, சோதனைகள் எல்லாம் தேறிய பிறகுதான் தெரியவரும். தொடக்கப் பயிற்சிகளில் ஒன்று, கொடுத்த ஆண்டு லீப் ஆண்டா என்று கண்டறிவது: 4-ஆல் வகுபட வேண்டும், 100-ஆல் வகுபட்டால் 400-ஆலும் வகுபட வேண்டும், ஆகவே 2000 லீப் ஆண்டு, 1900 அல்ல. ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று இஃப் (நிபந்தனைக் கட்டளை) அடுக்கி நான் அனுப்பிய நிரல் எல்லாச் சோதனைகளிலும் தேறியிருந்தது. வழிகாட்டியோ, ஒப்பீடே ட்ரூ (சரி) அல்லது ஃபால்ஸ் (தவறு) என்று விடை தரும்போது அதற்கு மேல் இஃப் எதற்கு என்று கேட்டார். மூன்று அடுக்கும் விடையைத் திருப்பித் தரும் ஒரே ரிட்டர்ன் வரியாகச் சுருங்கியதும், எந்த நிபந்தனையை முதலில் வைப்பது என்ற அடுத்த கேள்வி வந்தது. 4-ஆல் வகுபடுகிறதா என்பதை முதலில் வைத்தால், நான்கில் மூன்று ஆண்டுகளுக்கு அந்த ஒரு ஒப்பீட்டோடு வேலை முடிந்துவிடும், மீதி நிபந்தனைகளை பைத்தான் தொடவே தொடாது. விடையை எழுதிக் கொடுக்காமல், நாமே அதைக் கண்டடையும் வரை பொறுமையாகக் கேள்வி கேட்கும் இந்த முறைக்கு ஈடாக வேறெதையும் நான் கண்டதில்லை.

எல்லோருக்கும் எல்லாவற்றையும் இத்தளம் தந்துவிடாது. விளக்கங்களும் உரையாடலும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். தரவுத்தளம் அமைப்பது, இணையச் செயலியை முழுமையாகக் கட்டி வெளியிடுவது போன்றவற்றுக்கு வேறு இடம் தேட வேண்டும்.

வழிகாட்டிகள் தங்கள் ஓய்வு நேரத்தைக் கொடுக்கும் தன்னார்வலர்கள் என்பதால், பதில் வரும் வரை அடுத்த பயிற்சியைத் தொடங்கிவிடுவது நல்லது. உதவி கோரும்போது "என் நிரலைப் பாருங்கள்" என்று மட்டும் எழுதாமல், எந்த வரியில் மனம் ஒப்பவில்லை, வேறு எந்த வழியை யோசித்துக் கைவிட்டோம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பொதுவான பாராட்டோடு நில்லாமல், அந்த வரியைப் பற்றியே பேசும் பதில் அப்போதுதான் கிடைக்கும். பிறர் வெளியிட்ட தீர்வுகளைப் படிப்பதை, உங்கள் விடை தேறி வழிகாட்டியுடனான உரையாடலும் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.