கோத்தகிரியில் மூன்று வாரம்: வலிப்பு, வளைவு, கிடைக்காத ஸ்ப்ரே

லீவு மூன்று வாரம். அதில் ஆறு நாள் அக்கா மகனின் வலிப்புக்குப் போனது. மீதி நாட்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, மழை.

நான் இங்கிலாந்தில், பர்மிங்காமில் ஒரு மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்க்கிறேன். டாக்டர் இல்லை. எந்த மருந்தை எங்கே வைக்க வேண்டும், எது எப்போது காலாவதியாகும் என்று பார்க்கிற ஆள். அந்தக் கண்ணோடுதான் ஊரில் எல்லாவற்றையும் பார்த்தேன், அதனால் கொஞ்சம் கூடுதலாகவே குறை தெரிந்திருக்கலாம்.

அக்கா மகனைத் தம்பி என்றுதான் சொல்வோம். பதினேழு வயசு, பிளஸ் டூ. இரண்டு வருஷமாக ஃபிட்ஸ் இருக்கிறது, மாத்திரையும் சாப்பிடுகிறான். நான் போய் நாலாம் நாள் சாயங்காலம், டீ டம்ளரைக் கையில் வாங்கியவன் தலையை வலது பக்கமாகத் திருப்பினான். யாரோ கூப்பிட்டது போலத்தான் இருந்தது. திரும்பிய தலை நிற்கவில்லை, திருகிக்கொண்டே போனது. டம்ளர் விழுந்தது, அவனும் விழுந்தான்.

அம்மா ஓடிப்போய் ஆணியில் தொங்கிய சாவிக்கொத்தை எடுத்து அவன் கையில் திணித்தாள். அத்தான் பல்லுக்கு நடுவே கரண்டியை விடப் பார்த்தார். நான் கத்திய கத்தில் கரண்டியைப் போட்டுவிட்டார். சாவியைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை. அது எதையும் நிறுத்தாது, ஆனால் கரண்டி போலப் பல்லை உடைக்காது, மூச்சை அடைக்காது. அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு பத்து.

கடிகாரத்தை ஏன் பார்க்க வேண்டும் என்று அக்கா பிறகு கேட்டாள். பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிஷத்தில் தானாக அடங்கிவிடும். கைகால் வெட்டுகிற வலிப்பு ஐந்து நிமிஷம் தாண்டினால் அது தானாக நிற்கும் என்று காத்திருக்கக் கூடாது. முப்பது நிமிஷம் தாண்டினால் மூளைக்கே கேடு வரலாம். உலக வலிப்புநோய் ஒழிப்புச் சங்கம் 2015-ல் இந்த இரண்டு எல்லைகளையும் வகுத்தது. உள்ளே நடப்பதும் அதற்கேற்றபடிதான். மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற ரசாயனத்தைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள், வலிப்பு நீள நீள நரம்பணுவின் மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுத்துக்கொள்ளப்படுகின்றன. வலிப்பை நிறுத்தக் கொடுக்கும் மிடசோலம், லோரசிபாம் போன்ற மருந்துகள் வேலை செய்வதே அந்த ஏற்பிகள் மேல். அவை உள்ளே போய்விட்டால் அப்புறம் அதே மருந்தை எவ்வளவு கொடுத்தாலும் பலன் குறைவு.

ஐந்து நிமிஷக் கணக்கு மலையில் செல்லுபடியாகுமா?

108-ஐக் குறை சொல்ல மாட்டேன். போன் எடுத்தார்கள், மறுபடி அவர்களே கூப்பிட்டு வழி கேட்டார்கள். வந்த பையன் ஆக்சிஜன் வைத்து, ஒருக்களித்த நிலையிலேயே ஸ்ட்ரெச்சரில் ஏற்றினான், பதறவில்லை. ஆனால் எங்கள் வீடு எஸ்டேட் ரோட்டின் கடைசி. பனி இறங்கிவிட்டால் முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்குகூடத் தெரியாது. அரசு ஆஸ்பத்திரிப் படியேறும்போது ஏழு நாற்பது. கை இன்னும் வெட்டிக்கொண்டிருந்தது.

டூட்டியில் இருந்த டாக்டரம்மாவுக்கு முப்பது வயசுகூட இருக்காது. நரம்பைத் தேடவே இல்லை. தொடையில் மிடசோலம் பத்து மில்லிகிராம், தசை ஊசி. எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளத் தோன்றியது. 2012-ல் வெளிவந்த ராம்பார்ட் என்ற ஆய்வை அமெரிக்காவில் ஆம்புலன்ஸ்களிலேயே நடத்தினார்கள். துடிக்கிறவரின் கையில் நரம்பு தேடி லோரசிபாம் கொடுப்பதா, தொடையில் மிடசோலம் குத்துவதா என்பதுதான் கேள்வி. ஆஸ்பத்திரி சேரும் முன்பே வலிப்பு நின்றது நரம்பு ஊசியில் நூற்றுக்கு 63 பேருக்கு, தசை ஊசியில் 73 பேருக்கு. இன்னொரு சௌகரியமும் உண்டு. லோரசிபாமுக்குக் குளிர்பெட்டி வேண்டும், மிடசோலத்துக்கு வேண்டாம்.

"மூச்சு நின்னுடாதா மேடம்?" என்றார் அத்தான். நியாயமான பயம். அந்தப் பயத்திலேயே பல இடங்களில் தேவைக்குக் குறைந்த அளவு மருந்துதான் போடுகிறார்கள். ஆனால் 2001-ல் வெளிவந்த சான் பிரான்சிஸ்கோ ஆய்வில் மூச்சுக் கோளாறோ இதயக் கோளாறோ அதிகம் வந்தது மருந்து போட்டவர்களுக்கு இல்லை, மருந்தே இல்லாத வெற்று ஊசி போட்டவர்களுக்கு. நிற்காத வலிப்புதான் மூச்சைக் கெடுக்கிறது. டாக்டரம்மா இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. "பாத்துக்கிறேன்ப்பா" என்றார், மானிட்டரைத் திருப்பி வைத்தார். சில நிமிஷத்தில் கை அடங்கியது. திரும்பி வராமலிருக்க லெவடிரசிடாம் டிரிப் ஏற்றினார்கள். இரவு முழுக்க மூன்று தடவை வந்து பார்த்தார். பில் கிடையாது.

காரணம் மறுநாள் காலை வெளிவந்தது. பரீட்சைக்குக் கண்விழித்துப் படித்தவன், மாத்திரை தீர்ந்ததை வீட்டில் சொல்லவில்லை. மூன்று நாள் விட்டிருக்கிறான்.

இனி குறைகள். நரம்பியல் டாக்டரைப் பார்த்து, மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. எடுக்க கோவைக்குப் போகச் சொன்னார்கள். ஊட்டியில் 2022-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, முதலில் அங்கே போய்க் கேட்டிருக்கலாம். நான்தான் லீவு முடியப்போகிறதே என்ற அவசரத்தில் கீழே ஒரு தனியார் இடத்தில் போனிலேயே நேரம் வாங்கினேன். விடிகாலையில் கிளம்பி, மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் தம்பி இரண்டு தடவை வாந்தி எடுத்து, ஒன்பது மணிக்கு வரிசையில் உட்கார்ந்தோம். பத்தரைக்குக் கூப்பிட்டார்கள். டெக்னீஷியன் பெண் அவன் தலையில் விரலை வைத்தாள், எடுத்துப் பார்த்தாள், கர்ச்சீப்பில் துடைத்தாள்.

"எண்ணெய் வச்சுட்டு வந்திருக்கீங்களே. எலக்ட்ரோடு ஒட்டாதுங்க."

பெரிய டாக்டரைப் பார்க்கப் போகிறான் என்று அம்மா தேங்காய் எண்ணெயை வழிய வழியத் தடவிப் படிய வாரி அனுப்பியிருந்தாள். தலைக்குக் குளித்து, எண்ணெய் இல்லாமல், முந்தைய இரவு சரியாகத் தூங்காமல் வர வேண்டும். இந்த ஒரு வரியை நேரம் கொடுத்த அன்று போனில் சொல்லியிருக்கலாம். கட்டிய பணத்துக்கு ரசீது மட்டும் ஐந்து எஸ்.எம்.எஸ்.ஸாக வந்தது. ஒரு ஷாம்பு பாக்கெட் வாங்கி பாத்ரூமில் கழுவிவிடுகிறேன் என்றேன். "உங்க ஸ்லாட் முடிஞ்சிருச்சுங்க." திரும்பி மலையேறினோம்.

இரண்டாம் தடவை ராத்திரி பன்னிரண்டிலிருந்து நானும் அவனும் சீட்டாடினோம். டிரைவர் டிஎன் 43, அதாவது நீலகிரிப் பதிவு வண்டிக்காரர், வெளியூர் வண்டிகளுக்கான ஈ-பாஸ் தொல்லை இல்லை. கொண்டை ஊசி வளைவுகளில் தம்பி கண் சொருகும்போதெல்லாம் அவரும் சேர்ந்து "தூங்காத தம்பி" என்று ஹாரன் அடித்தார். இ.இ.ஜி. நார்மல் என்று வந்தது. அக்கா சாமி கும்பிட்டாள். நார்மல் என்றால் வலிப்பு நோய் இல்லை என்று அர்த்தமில்லை, அந்த அரை மணி நேரத்தில் எதுவும் சிக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

டாக்டர் கேட்டது வேறு. "யாராவது வீடியோ எடுத்தீங்களா?" எடுத்திருந்தான், பக்கத்து வீட்டுப் பையன். அன்று இரவு அக்கா அவனைத் திட்டாத திட்டில்லை. வெட்கத்தை விட்டு அவனிடமே வாட்ஸ்அப்பில் வாங்கிக் காட்டினோம். டாக்டர் அதை மூன்று தடவை ஓட்டினார். மூன்றாவது தடவை, தலை வலப்பக்கம் திருகும் இடத்தில் நிறுத்தினார். "ஆரம்பம் இடது மூளையில" என்றார். பழைய சி.டி. ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்தார். இடது முன்மூளையில், மிளகளவுகூட இல்லாத வெள்ளைப் புள்ளி.

நாடாப்புழுவின் கட்டி ஆறி, சுண்ணாம்பு படிந்த தழும்பு அது. ஆறும் முன் இந்தக் கட்டி ஸ்கேனில் சின்ன வளையமாகத் தெரியும். அதை எல்லாம் ஒரு காலத்தில் காசநோய்க் கட்டி என்று நினைத்து மருந்து கொடுத்துவந்தார்கள். பெரும்பாலும் அது நாடாப்புழுதான் என்று 1989-ல் காட்டியவர்கள் நம் வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள்.

"நம்ம வீட்டுப் படி பன்னிக்கறி ஏறினதில்லையே டாக்டர்" என்றாள் அக்கா. பன்றிக்கறியால் வருவது குடலில் நாடாப்புழு. மூளைக்குப் போவது அந்தப் புழு உள்ள மனுஷரின் மலத்திலிருந்து, கை வழியாகவும் கழுவாத காய் வழியாகவும் வாய்க்குள் போகும் முட்டை. சைவக்காரர்களுக்கும் வரும். மண்ணோடு பிடுங்கி, பாவாடையில் துடைத்துக் கடித்த கேரட் எத்தனை என்று நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டேன்.

பழைய மாத்திரை ஃபெனிடாயின். அவன் சிரிக்கும்போது வாயைப் பொத்துகிற பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அன்றுதான் புரிந்தது, ஈறு வீங்கிப் பல்லை மூடப் பார்க்கிறது. அந்த மருந்தின் தெரிந்த பக்கவிளைவு அது. லெவடிரசிடாமுக்கு மாற்றினார்கள். கோபம் வரலாம், பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பதினேழு வயசில் அதை எப்படிப் பிரித்தறிவது?

ஸ்ப்ரே விஷயம்தான் எனக்கு ஆறவில்லை. மூக்கில் அடிக்கும் மிடசோலம் எழுதிக் கொடுத்தார் டாக்டர். பர்மிங்காமில் அதே மருந்தைக் கன்னத்துக்குள் விடும் வடிவில் பள்ளிக்கூட டீச்சர்கள் அலமாரியில் வைத்திருக்கிறார்கள், பயிற்சியும் கொடுக்கிறோம். இங்கே நான்கு மருந்துக்கடை ஏறினேன். ஒருவர் மூக்கடைப்பு ஸ்ப்ரேயை எடுத்துக் கொடுத்தார். ஒருவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது மயக்க மருந்துங்க, வம்பு" என்றார். இன்னொரு தடவை கோவை போய்த்தான் கிடைத்தது. மலையில் உள்ளவர்களுக்கு முதலில் தேவைப்படுகிற மருந்து கீழே இருக்கிறது.

பள்ளிக்கூடத்துக்கும் ஒன்று கொடுக்கப் போனோம். "இதெல்லாம் ரிஸ்க் மேடம், ஃபிட்ஸ் வந்தா உங்களுக்குப் போன் பண்ணிடறோம்" என்றார்கள். எதுவும் வாயில் வைக்காதீர்கள், ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், மணி பாருங்கள் என்று ஒரு தாளில் எழுதி பி.டி. மாஸ்டரிடம் மட்டும் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் வாங்கி பர்ஸில் மடித்து வைத்துக்கொண்டார்.

கிளம்பும் அன்று தம்பி பெட்டியைக் காருக்குத் தூக்கி வந்தான். ஸ்ப்ரே எங்கே என்றேன். பாக்கெட்டைத் தட்டிக் காட்டினான். அப்புறம் மெதுவாக, அத்தான் காதில் விழாமல் கேட்டான்.

"சித்தி, அடுத்த வருஷம் பைக் லைசென்ஸ் எடுக்கலாம்ல?"

இங்கிலாந்தில் ஒரு வருஷம் வலிப்பு வராமலிருந்தால் கார் ஓட்ட விடுவார்கள். இங்கே லைசென்ஸ் விண்ணப்பத்தில் படிவம் 1 என்று ஒன்று உண்டு, அதன் முதல் கேள்வியே வலிப்பு உண்டா என்பதுதான். "டாக்டரைக் கேட்டுச் சொல்றேன்டா" என்றேன். தலையாட்டினான், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். டிரைவர் ஹாரன் அடித்தார்.