மாதவிடாய் குறைவாக வந்தால்: கார்டா, ரத்தப் பரிசோதனையா, ஸ்கேனா?

நாலு நாள் வரவேண்டிய மாதவிடாய் இரண்டே நாளில், நாப்கின்கூட நனையாமல் நின்றுவிட்டால் கர்ப்பமோ என்ற பயம் வரத்தான் செய்யும். மன உளைச்சல், தைராய்டு, பிசிஓடி, கருத்தடை மாத்திரை என எதனாலும் ரத்தப்போக்கு குறையலாம். கரு பதியும்போதும் சிலருக்கு லேசாகக் கசியும். அளவையும் நிறத்தையும் வைத்து முடிவுகட்ட முடியாது. கடைசியாகப் பாதுகாப்பில்லாமல் சேர்ந்த தேதியிலிருந்து நாளை எண்ணுங்கள்.

21 நாள் ஆகிவிட்டதா? மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் சிறுநீர் கார்டே போதும். காலையில் முதலில் போகும் சிறுநீரைக் காய்ந்த, சுத்தமான கப்பில் பிடித்து, கூடவே வரும் டிராப்பரால் உறையில் சொன்ன அளவு (பெரும்பாலும் 2 அல்லது 3 சொட்டு) குழியில் விடுங்கள். 5 நிமிடத்தில் பாருங்கள். 'சி' கோடு மட்டும் வந்தால் கர்ப்பம் இல்லை. 'டி' கோடும் வந்தால், மங்கலாக இருந்தாலும், கர்ப்பம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். 'சி' வரவே இல்லையென்றால் அந்தக் கார்டு செல்லாது.

தவறு பெரும்பாலும் அவசரத்தால்தான் வருகிறது. பல கார்டுகளுக்கு ஒரு மில்லி லிட்டரில் சுமார் 25 மில்லி யூனிட் ஹெச்சிஜி (கர்ப்பத்தில் சுரக்கும்) ஹார்மோன் தேவை. பத்தாம் நாளே பார்த்தால் அது சேர்ந்திருக்காது. சென்னை வெயிலுக்கு லிட்டர் கணக்கில் தண்ணீர் குடித்துவிட்டு மத்தியானம் பார்த்தாலும் சிறுநீர் நீர்த்து, கோடு விழாமல் போகும். 10 நிமிடம் கழித்துத் தெரியும் சாம்பல் நிறக் கோடு வெறும் காய்ந்த தடம். அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

அவசரக் கருத்தடை மாத்திரை போட்டவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சில நாளில் வரும் லேசான போக்கு அந்த மாத்திரையாலும் வரலாம், அதை மாதவிடாய் என்று நம்பி விட்டுவிடக் கூடாது. அவர்களுக்கும் அதே 21 நாள் கணக்குதான்.

லேபில் எடுக்கும் பீட்டா ஹெச்சிஜி ரத்தப் பரிசோதனை, கார்டைவிடச் சில நாள் முன்னதாகவே சொல்லிவிடும். வெறும் வயிறு வேண்டாம். ஹெச்சிஜி அளவு 5 மில்லி யூனிட்டுக்குக் கீழே இருந்தால் கர்ப்பம் இல்லை, 25-க்கு மேல் இருந்தால் கர்ப்பம். இடைப்பட்டால் 48 மணி நேரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். செலவு கார்டைப் போலப் பல மடங்கு. கோடு மங்கலாக வந்தவர்களுக்கும், முன்பு கருக்குழாயில் கரு தங்கியவர்களுக்கும் இது அவசியம். மற்றவர்களுக்கு வீண் செலவு. குழந்தைப்பேறு சிகிச்சையில் ஹெச்சிஜி ஊசி போட்டிருந்தால், சுமார் இரண்டு வாரத்துக்கு இரண்டு பரிசோதனையுமே பொய்யாகக் கர்ப்பம் என்று காட்டக்கூடும்.

ஸ்கேனை முதல் பரிசோதனையாக எடுக்காதீர்கள். கடைசி மாதவிடாயிலிருந்து ஏறக்குறைய 5 வாரம் ஆகாமல் அது கருப்பைக்குள் கர்ப்பத்தைத் தெளிவாகக் காட்டாது. அதற்குமுன் 'ஒன்றும் தெரியவில்லை' என்று வரும் ரிப்போர்ட்டால் எந்த நிம்மதியும் இல்லை.

ஆனால் அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, தோள்பட்டை நுனியில் வலி, தலைசுற்றல், மயக்கம் இருந்தால் இந்த நாள் கணக்கெல்லாம் பொருந்தாது. கரு குழாயில் தங்கியிருக்கலாம், குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. 108-ஐ அழையுங்கள், அல்லது எழும்பூர் தாய்சேய் நல மருத்துவமனை போன்ற இடத்துக்கு உடனே போங்கள். கார்டில் ஒரு கோடுதான் வந்தது என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.