அவிழ்த்துவிடுவதா, வேலிக்குள் விடுவதா, நீளக்கயிறா? மலையில் நாய்க்குட்டியின் முதல் ஓட்டம்

நாய்க்குட்டியைச் சங்கிலி இல்லாமல் ஓடப் பழக்க நீலகிரியில் மூன்று வழிகளைப் பார்க்கலாம். மூன்று மாதக் குட்டியைத் தேயிலைத் தோட்டத்துப் பாதையில் அப்படியே அவிழ்த்துவிடுவது ஒன்று. நாலு பக்கமும் வேலி உள்ள இடத்தில் மட்டும் விடுவது இன்னொன்று. 5 முதல் 10 மீட்டர் நீளமுள்ள கயிற்றை மாட்டி, நுனியைக் கையில் பிடித்தபடி நடக்கவிட்டு, மாதக்கணக்கில் பழக்கிய பிறகு அவிழ்ப்பது மூன்றாவது. நாங்கள் பிடித்துக்கொண்டது மூன்றாவதை. பிளாஸ்டிக் பிடிக்குள் தானாகவே சுருண்டுகொள்ளும் நாய்க்கயிற்றை (லீஷ்) இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அது எப்போதும் விறைப்பாகவே இருப்பதால் குட்டி இழுத்து நடக்கத்தான் கற்றுக்கொள்ளும்; கை தவறினால் பிளாஸ்டிக் பிடி தடதடவென்று துரத்திக்கொண்டே வந்து குட்டியை மிரளவைக்கும்.

எந்த வழியானாலும் ஊசி முதலில். பார்வோ என்ற வயிற்றுப்போக்கு நோய்க்கான ஊசி வரிசை 16 வார வயதையொட்டி முடியும். வெறிநோய் ஊசி 3 மாதத்தில். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும், குளிர்ந்த நிழல் மண்ணில் இன்னும் கூடுதலாக. தெருநாய்கள் புழங்கும் இடத்தில் கடைசி ஊசி போட்டு 2 வாரம் போன பிறகே கால் பதிக்க விடுங்கள்.

சின்னக் குட்டியிலேயே அவிழ்த்துவிடச் சொல்பவர்கள் ஒரு உண்மையைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். 4 மாதம் வரை குட்டி தன் ஆளை விட்டு விலகப் பயப்படும். நீங்கள் திரும்பி நடந்தால் பின்னாலேயே ஓடிவரும். ஆனால் அதைப் பழக்கம் என்று நம்பிவிடுவதில்தான் தப்பு நடக்கிறது. 5, 6 மாதத்தில் துணிச்சல் வந்ததும் அந்தப் பயம் போய்விடும், கூடவே பின்தொடர்வதும் போய்விடும். நேற்றுவரை காலைச் சுற்றி வந்த குட்டி இன்று காட்டெருமைச் சாணத்தை மோந்துகொண்டு புதருக்குள் போகும். கூப்பிட்டால் காது மட்டும் அசையும்.

வேலிக்குள் விடுவது பாதுகாப்பானது, சந்தேகமில்லை. கேட்டுக்கு அடியில் உள்ள இடைவெளியை மட்டும் பாருங்கள். குட்டியின் தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும். குறை என்னவென்றால், வேலிக்குள் கற்ற பாடம் வேலிக்குள்ளேயே நின்றுவிடும். அங்கே குரங்கு இறங்குவதில்லை, ஆடு குறுக்கே போவதில்லை. ஓடி விளையாட அது போதும், கூப்பிட்டதும் வரப் பழக்கப் போதாது.

இந்த மூன்றில் எதை எடுப்பது என்பதை ஒரே ஒரு விஷயம்தான் தீர்மானிக்கிறது. கூப்பிட்ட பிறகும் வராமல் இருக்கமுடியும் என்று குட்டி கண்டுபிடித்துவிடக் கூடாது. ஒரு தடவை கண்டுபிடித்துவிட்டால் மறக்கவைப்பது பெரும்பாடு. குரங்கைத் துரத்துவதே அதற்கு விருந்து. உங்கள் கையில் இருக்கும் எந்தத் தீனியும் அதற்கு ஈடாகாது. சமவெளியில் இப்படி ஒரு குட்டி வராமல் போனால் பத்து நிமிடம் தேடலாம். குன்னூரிலும் கோத்தகிரியிலும் கொடைக்கானலிலும் காட்டெருமை ஊருக்குள்ளேயே நடக்கிறது. நாய் குரைத்தால் அது பாயலாம். பயந்த நாய் நேராக ஓடிவருவது உங்களிடம்தான், பின்னால் அந்த மாடும் வரும். தேயிலை விளிம்பில் கரடி இருக்கலாம். சிறுத்தைக்கு நாய் எளிதான இரை. இங்கே முதல் தடவை கூப்பிட்டதுமே வரவேண்டும். நீளக்கயிற்றின் மதிப்பு இதுதான்: குட்டி வராமல் தப்பிக்க அது ஒரு சந்தர்ப்பம்கூடக் கொடுப்பதில்லை.

கயிறு வாங்கும்போது நீளத்தை விட எடையைப் பாருங்கள். 5 கிலோ குட்டிக்கு மெல்லிய கயிறும் சிறிய கொக்கியும் போதும். கனமான கொக்கி முதுகில் ஆடினால் குட்டி உட்கார்ந்துவிடும். முதல் இரண்டு வாரம் 5 மீட்டர், பிறகு 10. அதற்கு மேல் போனால் சிக்கல்தான் மிஞ்சும். பருத்திக் கயிறு மழையில் தண்ணீர் குடித்துக் கனத்துவிடும், இங்கே ஜூன் தொடங்கினால் டிசம்பர் வரை ஈரம்தான். நைலான் பட்டை பருத்தி அளவுக்கு ஈரம் ஏற்காது, ஆனால் கையில் உரசி ஓடினால் தோலை உரித்துவிடும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். பிளாஸ்டிக் பூச்சுள்ள பட்டை விலை கூடுதல், ஆனால் சேறு ஒட்டாது, ஒரு துணியால் துடைத்தால் சரியாகிவிடும். நுனியில் இருக்கும் கைப்பிடி வளையத்தை வெட்டி எறிந்துவிடுங்கள். காலால் மிதிக்க வசதி என்று முடிச்சு போடுவார்கள், தேயிலைக்குள் அது வேண்டாம். கவாத்து வெட்டிய செடிக் கட்டையில் வளையமோ முடிச்சோ மாட்டினால், ஓடும் குட்டி சுண்டி இழுக்கப்பட்டு விழும். இதே காரணத்துக்காகத்தான் கொக்கியைக் கழுத்துப் பெல்ட்டில் மாட்டவே கூடாது. நெஞ்சைச் சுற்றி மாட்டும் பட்டையான ஹார்னஸின் முதுகு வளையத்தில் மட்டும்.

பழக்கும் முறை: வீட்டு வாசலில் தொடங்குங்கள். பட்டாணி அளவு வெந்த கோழித் துண்டுகள் இருபது. பெயரைச் சொல்லி ஒரே முறை "வா". வந்ததும் முதலில் ஹார்னஸைத் தொட்டுப் பிடியுங்கள், அப்புறம் தீனி. இந்த வரிசை மாறினால், தீனியைப் பறித்துக்கொண்டு கைக்கெட்டாமல் நழுவக் கற்றுக்கொள்ளும். இரண்டு நொடியில் திரும்பவில்லை என்றால் மறுபடி கூப்பிடாதீர்கள். "வா வா வா" என்று அடுக்கினால் மூன்றாவது "வா"வுக்குத்தான் வரவேண்டும் என்று அது எண்ணிக்கொள்ளும். கயிற்றை நிதானமாகச் சுருக்கிக்கொண்டே பின்னால் நடங்கள், சத்தம் காட்டி வரவழையுங்கள், தாமதமாக வந்தாலும் தீனி உண்டு, திட்டு கிடையாது. பத்து முறை கூப்பிட்டால் ஒன்பது முறை திரும்ப விளையாட விட்டுவிடுங்கள். கூப்பிடுவதெல்லாம் வீட்டுக்குப் போகத்தான் என்று புரிந்துகொண்ட குட்டி வராது.

வாசலில் தேறியதும் பாதைக்கு. காலை 10 மணிக்கு மேல், மாலை 3 மணிக்குள். மருந்து அடித்த தோட்டம், சோலை ஓரம், ரிசர்வ் காடு இவை வேண்டவே வேண்டாம். காட்டெருமை தூரத்தில் தெரிந்தால் கயிற்றை உடனே கைக்குள் சுருட்டி, குட்டியைத் தூக்கிக்கொண்டு சத்தமில்லாமல் வந்த வழியே திரும்புங்கள். பனி இறங்கும் நாளில் கை காட்டினால் குட்டிக்குத் தெரியாது. அதனால் ஆரம்பத்திலிருந்தே "வா"வோடு ஒரு விசிலையும் சேர்த்துப் பழக்குவது நல்லது. வீடு திரும்பியதும் விரலிடுக்கில் அட்டை, காது மடிப்பில் உண்ணி பார்த்துவிடுங்கள்.

மூன்று வெவ்வேறு இடங்களில், ஆளோ ஆடோ போய்க்கொண்டிருக்கும்போதும், பத்துக்கு ஒன்பது முறை முதல் தடவை கூப்பிட்டதுமே வந்தால் கயிற்றைக் கையிலிருந்து விட்டு இழுபட விடலாம். பிறகு 10 மீட்டரை 5 ஆக்குங்கள், 5-ஐ 1 ஆக்குங்கள். 4 மாத வயதில் தொடங்கினால், முடிக்கும்போது குட்டிக்கு 9, 10 மாத வயது ஆகியிருக்கும். இது லேப்ரடார், நாட்டுக் குட்டிகளை வைத்துச் சொல்லும் கணக்கு. சிப்பிப்பாறை, ராஜபாளையம் போன்ற வேட்டை நாய்கள் அசைவதைக் கண்டால் பாயும் இனம். அவற்றுக்கு இன்னும் பல மாதம் கூடலாம், சிலவற்றை வேலிக்கு வெளியே அவிழ்க்காமலே வளர்ப்பதுதான் நல்லது. மற்ற நாய்களுக்கும், எவ்வளவு தேறியிருந்தாலும், அந்தி சாயும் நேரத்திலும் பனி மூடிய நாளிலும் அந்த 5 மீட்டர் கயிறு திரும்பவும் ஹார்னஸில் ஏறவேண்டும்.