ஹாரி பாட்டர் ஸ்டூடியோ டிக்கெட்டில் 412 பவுண்டு போனது: வாங்கும் முன் இதைப் படியுங்கள்

சனிக்கிழமை நடந்தது. இன்று செவ்வாய் இரவு. மூன்று நாளாகச் சரியான தூக்கம் இல்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

412 பவுண்டு. நான்கு டிக்கெட், ஒன்று 103 பவுண்டு வீதம். நான்கில் ஒன்றுகூட வாசலைத் தாண்டவில்லை.

லண்டனுக்கு வெளியே வாட்ஃபர்டுக்குப் பக்கத்தில் லீவ்ஸ்டனில் ஹாரி பாட்டர் படங்கள் எடுத்த ஸ்டூடியோ இருக்கிறதல்லவா, அதைப் பார்க்கத்தான் போனோம். 2001இலிருந்து 2011 வரை வந்த எட்டுப் படங்களின் அரங்குகள், உடைகள், சாமான்கள் எல்லாவற்றையும் அங்கேயே வைத்து 2012 மார்ச் கடைசியில் மக்கள் பார்க்கத் திறந்தார்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்த இடத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. எங்களை ஏமாற்றியது நடுவில் நின்று டிக்கெட் விற்கும் ஓர் இணையதளம். வங்கியில் புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரைப் போடவில்லை. எந்த மாதிரிக் கடை என்று சொல்கிறேன்: இசைக் கச்சேரி, கால்பந்து, சுற்றுலா இடம் என்று எல்லாவற்றுக்கும் "கடைசி நேர டிக்கெட்" இருப்பதாகச் சொல்லும் மறுவிற்பனைத் தளம். தேடினால் உண்மையான தளத்துக்கும் மேலே விளம்பரமாக வந்து நிற்கும்.

என் மகளுக்குப் போன வாரம் பதினொரு வயது ஆனது. அந்தக் கதை தெரிந்தவர்களுக்குப் பதினொன்று என்றால் என்னவென்று தெரியும். பதினோராவது பிறந்தநாளை ஒட்டித்தான் மந்திரப் பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வரும். இரண்டு வருடமாக அவள் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தாள். மந்திரக்கோல் கடையில் 17,000 பெட்டிகள், ஒவ்வொன்றிலும் தனித்தனியாகப் பெயர்ச்சீட்டு ஒட்டியிருக்கிறார்கள் என்று சாப்பிடும்போது சொல்வாள். அந்தப் பள்ளிக்கூடக் கோட்டையின் மாதிரி 24இல் ஒரு பங்கு அளவில் முதல் படத்துக்காகக் கட்டியது என்பாள். பெரிய உணவுக்கூடத்தின் தரை அட்டையோ பிளாஸ்டிக்கோ இல்லை, நிஜமான கல், அதில் நாம் நடக்கலாம் என்பாள். அந்தக் கதவு திறக்கும்போது முதல் வரிசையில் நிற்க வேண்டும், அது ஒன்றுதான் அவள் கேட்ட பிறந்தநாள் பரிசு.

என் தவறையும் சொல்ல வேண்டும். டிக்கெட் பார்க்க மூன்று வாரம் முன்புதான் உட்கார்ந்தேன். அங்கே நாளும் நேரமும் குறித்துத்தான் டிக்கெட் தருவார்கள், வாசலில் விற்பனை கிடையாது. சனி, ஞாயிறும் பள்ளி விடுமுறை நாட்களும் பல வாரங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். ஸ்டூடியோவின் சொந்தத் தளத்தில் அந்தச் சனிக்கிழமை முழுக்க மூடிக் கிடந்தது. அத்தோடு விட்டுவிட்டு வேறு ஒரு செவ்வாயோ புதனோ பார்த்திருக்க வேண்டும். நான் தேடலுக்குத் திரும்பிப் போனேன்.

அப்போது வந்ததுதான் இந்தத் தளம். கோட்டையின் படம், அதன் கீழே எனக்கு வேண்டிய அதே சனிக்கிழமை, பகல் ஒரு மணி. "இன்னும் 4 மட்டுமே" என்று சிவப்பில். எங்களுக்கு வேண்டியதும் நான்கு. பக்கத்தில் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

உடனே பணம் கட்டிவிடவில்லை, சந்தேகப்பட்டேன். அங்கிருந்த சாட்டில் கேட்டேன்: ஸ்டூடியோ தளத்தில் எல்லாம் தீர்ந்துவிட்டதே, உங்களிடம் மட்டும் எப்படி இருக்கிறது? இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. சுற்றுலா நிறுவனங்களுக்கு மொத்தமாக ஒதுக்கும் டிக்கெட்டுகளில் மீதமானவை இவை, நாங்கள் நேரடியாக அவர்களிடம் வாங்குகிறோம் என்றார்கள். கேட்க நியாயமாக இருந்தது. லண்டனிலிருந்து பேருந்தும் டிக்கெட்டும் சேர்த்து விற்கும் நிறுவனங்கள் உண்மையிலேயே உண்டு, அதனால் நம்பினேன்.

அதற்குப் பிறகு அந்த ஆள் கேட்டதுதான் என்னை முழுசாகச் சாய்த்தது. "ஏதாவது விசேஷமா?" மகளின் பதினோராவது பிறந்தநாள் என்றேன். "அப்படியா, பெயரைச் சொல்லுங்கள், டிக்கெட்டில் ஒரு வாழ்த்து போட்டுத் தருகிறோம்" என்றார்கள். என் மகளின் பெயரை நானே தட்டச்சு செய்து கொடுத்தேன். அதை நினைக்கும்போதுதான் வயிறு எரிகிறது. பணத்தை வாங்கினார்கள், சரி. குழந்தையின் பெயரைக் கேட்டு வாங்கி, அதை வைத்து என்னை நம்ப வைத்தார்களே, அதற்கு என்ன பெயர்?

பணம் கட்டும் இடத்தில் கிரெடிட் கார்டு என்றால் மூன்றரை சதவீதம் கூடுதல் என்று இருந்தது. பதினான்கு பவுண்டுக்கு மேல் எதற்குத் தண்டம் என்று டெபிட் கார்டைப் போட்டேன். 412 பவுண்டு அந்த நிமிடமே கணக்கிலிருந்து போய்விட்டது. மூன்று வயது மகனுக்கும் சேர்த்துத்தான் 103. ஸ்டூடியோவில் நான்கு வயது வரை குழந்தைகளுக்கு இலவசம், பெயருக்கு ஒரு டிக்கெட் எடுத்தால் போதும் என்பது வாசலில் நிற்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. இலவச டிக்கெட்டுக்கு 103 பவுண்டு கொடுத்திருக்கிறேன்.

டிக்கெட் 24 மணி நேரத்தில் வரும் என்றார்கள். வரவில்லை. கேட்டால், போகும் நாளுக்கு ஒரு வாரம் முன்பு அனுப்புவோம் என்றார்கள். ஒரு வாரம் முன்பும் இல்லை. அப்புறம் 48 மணி நேரம் முன்பு என்றார்கள். என் கணவர் இரண்டாவது தடவையே சொன்னார், "இது சரியாப் படலை, இப்பவே பணத்தைத் திருப்பிக் கேள்" என்று. நான்தான் அவரை அடக்கினேன். வெள்ளி இரவு 11.40க்கு டிக்கெட் மின்னஞ்சலில் வந்தது. நான்கு பக்கம், நான்கு பார்கோடு, தேதி சரி, நேரம் சரி. வாழ்த்து மட்டும் இல்லை. அவ்வளவு நிம்மதியில் அதைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரவோடு இரவாக அச்சடித்து, கதையில் வரும் கடிதம் போல மடித்து, மஞ்சள் உறையில் போட்டு, சிவப்பு மெழுகால் முத்திரை வைத்து, பச்சை மையில் அவள் பெயரை எழுதி, காலையில் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தேன். எழுந்து பார்த்தவள் சத்தமே போடவில்லை. உறையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

லண்டன் யூஸ்டனில் ரயில் ஏறி வாட்ஃபர்டு ஜங்ஷன். அங்கிருந்து ஸ்டூடியோவுக்குத் தனிப் பேருந்து ஓடுகிறது, கால் மணி நேரம். வழியெல்லாம் அவள் அந்த உறையைக் கையிலிருந்து இறக்கவில்லை.

வாசலில் டிக்கெட்டை அவளே நீட்டினாள். கருவி ஒரு மாதிரி ஒலி எழுப்பியது. அந்தப் பெண் மறுபடி வைத்துப் பார்த்தார். அடுத்ததை எடுத்தார், மூன்றாவது, நான்காவது. அப்புறம் எங்களைக் கொஞ்சம் ஓரமாக வரச் சொன்னார். கணினியில் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: இந்த நான்கு டிக்கெட்டிலும் காலையிலேயே வேறொரு குடும்பம் உள்ளே போய்விட்டது, வாங்கியவரின் பெயரும் உங்களுடையது இல்லை. உண்மையான டிக்கெட்டைத்தான் நகலெடுத்து எங்களுக்கு விற்றிருக்கிறார்கள். இன்னும் எத்தனை பேருக்கு விற்றார்களோ.

வேறு டிக்கெட் கிடைக்குமா என்று கேட்டேன். அன்றைக்கு முழுவதும் நிரம்பிவிட்டது, வாசலில் விற்கவும் முடியாது என்றார். அவர் மேல் தவறே இல்லை. மகளிடம் குனிந்து அவர் மன்னிப்புக் கேட்டபோது என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மகள் அழவில்லை. "அம்மா, நான் ஏதாவது தப்பா நீட்டிட்டேனா?" என்று கேட்டாள். அவள் அழுதிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அங்கேயே நின்று அந்தத் தளத்தின் எண்ணுக்கு அழைத்தேன். சனி, ஞாயிறு அலுவலகம் விடுமுறை என்று பதிவுசெய்த குரல். சனி, ஞாயிறு டிக்கெட்டை விற்கிறவர்களுக்குச் சனி, ஞாயிறு விடுமுறையாம். சாட்டில் போனேன். மூன்று வாரம் முன்பு இரண்டு நிமிடத்தில் பதில் சொன்ன அதே இடம், இப்போது நாற்பது நிமிடம் கழித்து "உங்கள் பொறுமைக்கு நன்றி" என்றது. பார்கோடு வேலை செய்யாதது வாசலில் இருக்கும் கருவியின் கோளாறு, அவர்களிடம் பேசுங்கள் என்றார்கள். ஏற்கெனவே வேறு ஆட்கள் போய்விட்டார்கள் என்கிறார்களே என்றேன். சாட் துண்டிக்கப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை வேறொரு பெயரில் ஒருவர் வந்தார். நாங்கள் விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்துவைக்கும் தளம் மட்டுமே, உங்களுக்கு விற்றவர் ஒரு தனிநபர், அவரிடம் விளக்கம் கேட்டிருக்கிறோம் என்றார். அப்படியானால் சுற்றுலா நிறுவனத்தின் ஒதுக்கீடு என்று சொன்னது? அந்த உரையாடலைப் படமெடுத்து அனுப்பினேன். அதற்கு இந்த நிமிடம் வரை பதில் இல்லை.

திங்கட்கிழமை, உள்ளே விடவில்லை என்பதற்கு எழுத்தில் ஆதாரம் வேண்டும் என்றார்கள். நல்லவேளை, வாசலில் இருந்த அந்தப் பெண் கேட்காமலேயே உதவி மின்னஞ்சல் முகவரியைக் குறித்துக் கொடுத்திருந்தார். எழுதினேன், பதிலும் வந்தது. அனுப்பினேன். இன்று காலை தீர்ப்பு: நல்லெண்ண அடிப்படையில் 412 பவுண்டுக்கு வவுச்சர், பன்னிரண்டு மாதத்துக்குள் அதே தளத்தில் பயன்படுத்திக்கொள்ளலாம். திருடிய கடையிலேயே மறுபடி போய்ச் சாமான் வாங்க வேண்டுமாம். வேண்டாம், பணம்தான் வேண்டும் என்றேன். மதியம் மூன்று மணிக்கு "உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது" என்று மின்னஞ்சல். 412 பவுண்டுக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட சிரமம் அவ்வளவுதான்.

பிறகு வங்கிக்கு அழைத்தேன். அங்கே பேசியவர் சொன்னதைக் கேட்டபோதுதான் எத்தனை எச்சரிக்கைகளைத் தாண்டி வந்திருக்கிறேன் என்று புரிந்தது. கார்டில் கட்டுவதற்குக் கூடுதல் கட்டணம் வாங்க 2018 ஜனவரியிலிருந்தே பிரிட்டனில் தடை இருக்கிறது. அந்த மூன்றரை சதவீதமே சட்ட விரோதம். கிரெடிட் கார்டு பக்கம் யாரும் போகக் கூடாது என்பதற்காகவே வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவில், 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை விலையுள்ள ஒன்றைக் கிரெடிட் கார்டில் வாங்கினால் விற்றவரோடு சேர்த்துக் கார்டு நிறுவனத்துக்கும் பொறுப்பு உண்டு. என் டிக்கெட் ஒவ்வொன்றும் 103. கேட்கவாவது ஒரு வழி இருந்திருக்கும். டெபிட் கார்டுக்கு இருப்பது சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திருப்பிக் கேட்பது, அது மட்டும்தான். அது சட்டம் இல்லை, விசா, மாஸ்டர்கார்டு போன்ற கார்டு அமைப்புகளின் விதி. விற்றவர் மறுத்து வாதாடலாம், பொதுவாக 120 நாளுக்குள் கேட்டுவிட வேண்டும். தாமதம் செய்யாதீர்கள்.

விவரமாக ஆலோசனை எழுத வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன். மணி ஒன்றாகிவிட்டது. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். டிக்கெட்டை ஸ்டூடியோவின் சொந்தத் தளத்தில் வாங்குங்கள். பேருந்தோடு சேர்த்து வாங்குவதானால், அந்த நிறுவனம் அவர்களின் அங்கீகாரம் பெற்றதா என்று ஸ்டூடியோவிடமே கேளுங்கள், விற்கிறவனிடம் கேட்காதீர்கள், நான் அதைத்தான் செய்தேன். தேடலில் மேலே வரும் விளம்பரத்தைத் தொடாதீர்கள். நான்கு வயது வரையுள்ள குழந்தைக்குப் பணம் கேட்டால் அங்கேயே மூடிவிடுங்கள். டிக்கெட் அனுப்பும் நாளை ஒரு தடவை தள்ளிப் போட்டாலே வங்கிக்கு அழையுங்கள். 159 என்று அழுத்தினால் பெரும்பாலான வங்கிகளின் மோசடிப் பிரிவுக்கே இணைப்பு கிடைக்கும். சாட்டில் பேசியதை எல்லாம் அன்றன்றே படமெடுத்து வையுங்கள். குழந்தையின் பெயரைக் கொடுக்காதீர்கள்.

சார்ஜ்பேக் விண்ணப்பத்தின் எண் மாலையில் வந்தது. அவர்கள் கொடுத்த வவுச்சரை நான் ஏற்கவில்லை என்பதையும் எழுத்தில் அனுப்பச் சொன்னார்கள், அனுப்பிவிட்டேன். மகள் அந்த உறையைத் தூக்கிப் போடவில்லை, மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறாள். ஸ்டூடியோவின் தளத்தில் அடுத்த காலியான நாள் ஏழு வாரம் கழித்து ஒரு புதன்கிழமை. 412 பவுண்டு திரும்பி வருகிறதோ இல்லையோ, நாளைக் காலையில் அதைப் பதிவு செய்யப் போகிறேன்.