செஸ் எண்ட்கேமில் யாரை நம்புவது: ஸ்டாக்ஃபிஷா, லீலாவா, டேபிள்பேஸா?

வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கத்துப் பிள்ளைகள் செஸ் போட்டி முடிந்து வந்ததும் ஆட்டத்தை போனில் இன்ஜினில் (நகர்த்தல்களைக் கணக்கிடும் மென்பொருள்) ஓடவிட்டு, “பிளஸ் 4 காட்டுது சார், அப்புறம் எப்படி டிரா ஆச்சு?” என்று கேட்கிறார்கள். பிளஸ் 4 என்றால் வெள்ளைக்குப் பெரிய முன்னிலை. காய்கள் குறைந்த கடைசிக் கட்டமான எண்ட்கேமில், அந்த எண்ணைக் கொடுத்தது எது என்று தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும்.

ராஜாக்களையும் சேர்த்து 7 காய்களோ அதற்குக் குறைவோ இருந்தால் பேச்சே வேண்டாம், டேபிள்பேஸ்தான். அது யோசிப்பதில்லை, ஒவ்வொரு நிலைக்கும் செக்மேட்டிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு விடையை எழுதிவைத்திருக்கிறது. மந்திரியும் (பிஷப்) குதிரையும் வைத்துத் தனி ராஜாவை மேட் செய்ய அதிகபட்சம் 33 நகர்த்தல் என்று அடித்துச் சொல்ல முடிவது இந்தக் கணக்கால்தான். இப்போது பரவலாக இருக்கும் சிசிஜி என்ற டேபிள்பேஸின் கோப்புகள் 5 காய் வரை 1 ஜிபிக்குள் அடங்கும். 6 காய்க்குச் சுமார் 150 ஜிபி. 7 என்றால் 16 டெராபைட்டைத் தாண்டும். அதை லிசெஸ் என்ற செஸ் இணையதளத்தில் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் சிசிஜி அளப்பது மேட் வரையிலான தூரத்தை அல்ல, அடுத்த வெட்டு அல்லது சிப்பாய் நகர்வு வரையிலான தூரத்தை. அதனால் சில நேரம் காயைச் சும்மா தூக்கிக் கொடுக்கும். ஜெயிக்கும்தான், பிள்ளைகள் அதைப் பார்த்துப் பழகக் கூடாது.

காய்கள் கூடினால் ஸ்டாக்ஃபிஷ் என்ற இன்ஜின். 2020-ல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து நியூரல் நெட்வொர்க்கும் (கற்றுக்கொண்டு நிலையை மதிப்பிடும் பகுதி) உண்டு என்றாலும், அதன் பலம் ஆழமான தேடல். ஆழம் ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு உதாரணம்: 1998 லினாரஸ் போட்டியில் டோபலோவுக்கு எதிராக கிராண்ட்மாஸ்டர் ஷிரோவ் மந்திரியை எச்3 கட்டத்தில் பலிகொடுத்தது தன் ராஜா ஒரு நகர்த்தல் முந்துவதற்காக. அன்றைய மென்பொருள்களுக்கு அது எட்டவில்லை. வேகத்துக்காக ஸ்டாக்ஃபிஷ் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறது: தன் முறையை விட்டுக்கொடுத்தாலும் நிலை நன்றாக இருந்தால் மேலே தேடுவதில்லை. நகர்த்தியே ஆகவேண்டியதால் தோற்கும் சுக்ஸ்வாங்கில் இது பொய்த்துப்போகும். எனவே ராஜாவும் சிப்பாயும் மட்டும் மிஞ்சினால் அதைப் பயன்படுத்தாது.

லீலா என்ற இன்னொரு இன்ஜின் வெற்றி வாய்ப்பை எடைபோடும். ஆரம்பகாலத்தில், ஜெயிப்பது உறுதியான பிறகு எந்த நகர்த்தலும் ஒன்றுதான் என்று சுற்றிக்கொண்டே இருக்கும்; பிறகு மீதி நகர்த்தல்களைக் கணிக்கும் பகுதியைச் சேர்த்துச் சரிசெய்தார்கள். கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். நம்மூர் மே மாத வெயிலில் சாதாரண லேப்டாப்பை இதற்காக வதைக்க வேண்டாம்.

மேலே கேட்ட பிளஸ் 4 பெரும்பாலும் கோட்டை நிலையில், அதாவது எதிராளி உள்ளே நுழையவே முடியாத நிலையில் வருவது. சிப்பாய்கள் முட்டி அடைத்து நிற்கும். ஒரு பக்கம் யானை அதிகம் இருக்கும், உள்ளே நுழைய ஒரு வரிசையும் திறக்காது. இரண்டு இன்ஜினும் இங்கே ஏமாறும். இன்ஜின் சொல்லும் நகர்த்தல்களையே இரு பக்கமும் 20 தடவை ஆடிப் பாருங்கள். எண் ஏறவே இல்லை, வெட்டும் இல்லை, சிப்பாயும் நகரவில்லை என்றால் அது பெரும்பாலும் டிராதான்.

என் தேர்வு, ஸ்டாக்ஃபிஷோடு 5 காய் சிசிஜி. தேடலின் நடுவிலேயே அந்தக் கோப்பைப் புரட்டிப் பார்க்கும் என்பதால் 8, 9 காய் நிலைகளிலும் கணிப்பு கூர்மையாகும்.